கையை வைத்தால் நிற்கும் சத்தம்

மாமனார் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால், என் வண்டியில் ஏறத் தயாராகிவிட்டார் என்று அர்த்தம். மற்ற வண்டிகளில் ஏறும்போது கழற்ற மாட்டார். "உங்க வண்டிக்கு மட்டும்தான் இந்த மரியாதை, மாப்பிள்ளை" என்பார்.

வண்டி 1965ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டில். 1200 சிசி, என்ஜின் பின்னால். மின்சாரம் 6 வோல்ட்; இரவில் முன்விளக்கு எரிகிறதா என்று இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். வாங்கிய முதல் இரண்டு வருடம் பிரேக், ஒயரிங், கார்புரேட்டர் என்று பெரிய வியாதிகளுக்கே சரியாகப் போய்விட்டது. அவை அடங்கிய பிறகுதான் மற்றதெல்லாம் காதில் விழ ஆரம்பித்தது. ஒரு தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டு யாரோ பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டிக்கொண்டே வருவது மாதிரி. பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. இரும்புக்கு வயதானதால் சத்தம் வருவதில்லை. எங்கோ ஒரு நட்டு தளர்ந்திருக்கும், ஒரு ரப்பர் காய்ந்து போயிருக்கும், ஆடும் பாகத்தைத் தாங்கும் உள்வளையமான ஒரு புஷ் தேய்ந்திருக்கும். அதைக் கண்டுபிடித்தால் சரியாகிவிடும். கண்டுபிடிப்பதுதான் பாடு.

கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். எந்தச் சத்தம், எந்த வேகத்தில், எந்தக் கியரில், மேட்டிலா பள்ளத்திலா, திரும்பும்போதா நேராகவா என்று கட்டம் கட்டி எழுதினேன். இந்த விஷயத்தில் தமிழில் எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த இரட்டைக்கிளவி எல்லாம் இங்கே வேலைக்கு வந்தது. 'லொடலொட' என்றால் பெரிய தகடு ஒன்று பிடிப்பில்லாமல் கிடக்கிறது. 'கிலுகிலு' என்றால் சின்னப் பொருள் ஏதோ மூடிய இடத்துக்குள் உருள்கிறது. 'கீச்கீச்' ரப்பரோ கீலோ. இரட்டிக்காமல் 'கிர்ர்' என்று இழுத்தால் அது பெரும்பாலும் என்ஜினோடு சேர்ந்து அதிர்கிற பொருள். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது ஒற்றையாக வரும் 'டொக்'. அதில் கனம் இருக்கிறது. கனமுள்ள பொருள் ஆடினால் அது அலங்காரச் சமாச்சாரமாக இருக்காது.

நோட்டில் முதல் நாளே பதினேழு வரிகள் ஏறிவிட்டன.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் வண்டியைக் காலி செய்தேன். இதை யாரும் செய்வதில்லை, நானும் வேறு வழியில்லாமல்தான் செய்தேன். முன்பக்க பானெட்டுக்குள் இருந்த ஜாக்கி, கைப்பிடி, ஸ்டெப்னி, கருவிப் பை, கதவுப் பையில் கிடந்த சில்லறை, டேஷ்போர்டு அறையில் இருந்த டார்ச்சு, எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். பின் சீட்டைத் தூக்கியபோது 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்று கிடைத்தது. என்னுடையது இல்லை. எனக்கு முன்னால் யாரோ ஒருவர் எத்தனை நாள் அதைத் தேடினாரோ. காலி வண்டியை ஓட்டிப் பார்த்தபோது பதினேழில் ஐந்து காணாமல் போயிருந்தன. அதன் பிறகு ஜாக்கியை ஒரு பழைய போர்வைத் துண்டில் சுற்றி, வார் போட்டு இறுக்கிவிட்டேன்.

மீதிப் பன்னிரண்டுக்குக் காதை நம்பினேன். அதுதான் தப்பு.

காருக்குள் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதால் சொல்லவே முடியாது என்பது என் அனுபவம். தகடும் கண்ணாடியும் நிறைந்த அந்தச் சின்னக் கூட்டுக்குள் எழும் சத்தம் நாலு பக்கமும் மோதித் திரும்புகிறது. அதுபோக, அதிர்வு இரும்பு வழியாக வெகு தூரம் நடந்து போய், எங்கே ஒரு மெல்லிய தகடு கிடைக்கிறதோ அங்கே ஏறிக்கொண்டு பேசுகிறது. பேசும் இடம் ஒன்று, பிறக்கும் இடம் வேறொன்று. மனைவி ஓட்ட, நான் பின் சீட்டில் குப்புறப் படுத்துக் காதைத் தரையில் வைத்துக்கொண்டு போனேன். அவளுக்குச் சிரிப்பு தாங்காமல் ஓரமாக நிறுத்தியதுதான் மிச்சம். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைச் சந்தேகப்பட்ட இடத்திலும் வைத்துக் கேட்கும் பழைய முறை நின்ற வண்டிக்கு நன்றாக உதவுகிறது. (என்ஜின் பக்கம் போனால் குழாய் ஃபேன் பெல்ட்டில் மாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.) ஓடும் வண்டிக்கு அது ஆகாது.

என்னை மிகவும் படுத்தியது அந்தக் 'கிர்ர்'தான். டேஷ்போர்டுக்குள் ஒரு பெரிய வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி. மூன்றாம் கியரில் 55 கிலோமீட்டரைத் தொட்டதும் தொடங்கும், 60 தாண்டினால் நின்றுவிடும். டேஷ்போர்டிலிருந்துதான் வருகிறது என்று சத்தியம் செய்திருப்பேன். அறை மூடியைக் கழற்றினேன். அதன் ஓரத்துக்கு ஃபெல்ட் ஒட்டினேன். சாம்பல் தட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். ஸ்பீடாமீட்டரைப் பிடித்திருக்கும் திருகுகளை இறுக்கினேன். ஸ்பீடாமீட்டர் கேபிளையும் உருவிப் பார்த்தேன். பீட்டிலில் அது இடது முன்சக்கரத்தின் நடுவிலிருந்து கிரீஸ் மூடியைத் துளைத்துக்கொண்டு வருகிறது. உள் கம்பி காய்ந்திருந்தது, அதற்கு மசகு போட்டதில் முள் ஆடுவது நின்றது. கிர்ர் நிற்கவில்லை. இரண்டு வாரம் போனது.

பிறகு நோட்டைத்தான் திரும்பப் புரட்டினேன். மூன்றாம் கியரில் 55. நான்காவதில் 80 பக்கம். இரண்டாவதில் 35க்குச் சற்றுக் கீழே. மூன்றும் ஏறக்குறைய ஒரே என்ஜின் வேகம், நிமிடத்துக்கு 2,500 சுற்று. சக்கரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது இந்தச் சத்தத்துக்குப் பொருட்டே இல்லை. நாலு சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 2,500 சுற்றுக்கு நொடிக்கு 83 வெடிப்பு. எந்தப் பொருளின் சொந்த அதிர்வு அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறதோ, அது அப்போது மட்டும் விழித்துக்கொள்கிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயரமாகப் போகிற மாதிரி. வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டு, ஆக்சிலேட்டரை மெதுவாக மிதித்தேன். வந்தது. சரி, ரோட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று உறுதியானது. ஆனாலும் எந்தப் பொருள்?

அன்றைக்குத்தான் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் முப்பது வருடத்துக்கு மேல் தறிக்கூடத்தில் பிட்டராக இருந்தவர். காது போனது அங்கேதான். நூறு தறி ஓடும் கூடத்தில் எது சரியில்லை என்று காதால் எப்படித் தெரியும்? கையை வைத்துத்தான் பார்ப்பார்களாம். ஏறினார், மெஷினைக் கழற்றினார், "நீங்க ஓட்டுங்க" என்றார். கிர்ர் வரும் வேகத்தில் பிடித்து ஓட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இடது உள்ளங்கையைக் கதவில் வைத்தார், எடுத்தார். டேஷ்போர்டில் வைத்தார், எடுத்தார். கண்ணாடிச் சட்டம், சீட்டின் கீழ்ச் சட்டம், தரையின் நடுவில் மேடாக ஓடும் சுரங்கத்தின் முதுகு. அங்கே கொஞ்ச நேரம் கை நின்றது. அப்புறம் கியர் தண்டின் குமிழை இரண்டு விரலால் பிடித்தார்.

சத்தம் பட்டென்று நின்றது.

விட்டார், வந்தது. பிடித்தார், நின்றது. கண்ணைத் திறந்து, "என்ன, நின்னுடுச்சா?" என்றார். அவருக்குத்தான் கேட்காதே.

பீட்டிலில் கியர் பெட்டி பின்னால் இருக்கிறது, கியர் தண்டு முன்னால். இரண்டையும் இணைக்க, நடுச் சுரங்கத்துக்குள் ஒரு நீளமான இரும்புத் தண்டு ஓடுகிறது. அதன் முன்முனையை ஒரு பிளாஸ்டிக் புஷ் தாங்குகிறது. அந்தப் புஷ் தண்டை இறுகப் பிடிப்பதற்காக அதைச் சுற்றி ஒரு கம்பி வளையம். வண்டியின் வயதுக்கு அந்த புஷ் எப்போதோ பொடியாகியிருந்தது. வளையம் மட்டும் பரிதாபமாகத் தண்டில் தொங்கியது. தண்டு அதன் தாங்கியின் ஓட்டைக்குள் நொடிக்கு 83 முறை இரும்போடு இரும்பு உரசியது. அதை நான் டேஷ்போர்டில் தேடிக்கொண்டிருந்தேன்.

வேலை பெரிதில்லை, கைதான் பத்தாது. கியர் தண்டைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றி அதை எடுத்தால் சுரங்கத்தில் ஒரு துளை தெரியும். (கழற்றும் முன் அடித்தகட்டைச் சுற்றிக் கோடு கிழித்துவிடுங்கள். நான் கிழிக்கவில்லை. திரும்ப மாட்டியபோது இரண்டாவது கியர் விழாமல் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தேன்.) பின் சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன மூடி, அதைத் திறந்தால் உள்ளே ஓடும் நீளத் தண்டைக் கியர் பெட்டியோடு சேர்க்கும் இணைப்பு. அதை விடுவித்து, நீளத் தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தித் தாங்கியிலிருந்து வெளியே எடுத்து, புது புஷ்ஷை வளையத்தோடு அழுத்தி, கிரீஸ் பூசி, மறுபடி நுழைக்க வேண்டும். இருட்டுக்குள் இரண்டு விரலால் செய்கிற வேலை. ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தவர்களுக்குச் சுலபமாக வரும் என்று நினைக்கிறேன். இணைப்பைத் திறந்தபோது அதன் ரப்பரும் பிளந்திருந்தது தெரிந்தது, அதையும் மாற்றினேன். கியர் மாற்றுவது வெண்ணெயில் கத்தி போவது போல ஆகிவிட்டது. சத்தம் துரத்தப் போய் இது கொசுறு.

அதிலிருந்து முறையை மாற்றினேன். காது சந்தேகத்தை மட்டும் சொல்லட்டும், முடிவைக் கை சொல்லட்டும். சந்தேகப்படும் பொருளை ஓட்டத்திலேயே பக்கத்தில் இருப்பவர் அழுத்திப் பிடிக்க வேண்டும். கை எட்டாத இடமென்றால் ஒரு துணிச் சுருளைத் திணித்தோ டேப்பு ஒட்டியோ மறுபடி ஓட்ட வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றுதான். இரண்டை ஒன்றாக அடைத்தால் எது நின்றது என்று தெரியாது.

கதவுகள் இதில் ஓரளவு சுலபம். கண்ணாடியைப் பாதி இறக்கியபோது மட்டும் லொடலொட, முழுக்க ஏற்றினால் அமைதி. அப்படியென்றால் கண்ணாடி ஓடும் வாய்க்காலின் ஃபெல்ட் போய்விட்டது. உள் அட்டையைக் கழற்றிப் பார்த்தால் ஃபெல்ட் இருந்த இடத்தில் துருவும் தூசியும்தான். புது வாய்க்கால் போட்டு, கண்ணாடியைத் தூக்கும் பொறியின் திருகுகளையும் இறுக்கினேன். கதவு பூட்டிய பிறகும் மேலும் கீழும் ஆடுகிறதா என்று பிடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஆடினால் கீல் ஊசி தேய்ந்திருக்கலாம், அல்லது தூணில் உள்ள பூட்டுத் தகடு தள்ளியிருக்கலாம். ஒரு தாளை ரப்பருக்கும் கதவுக்கும் இடையில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் லேசாக வந்துவிட்டால் ரப்பர் அங்கே கதவைத் தொடவே இல்லை. ரப்பருக்குச் சிலிக்கோன் மசகு மட்டும் பூசுங்கள். பெட்ரோலிய கிரீஸ் பழைய ரப்பரை ஊத வைத்துக் கெடுக்கும்.

கதவில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். முறை தெரியாத காலத்தில், எல்லாச் சத்தமும் அடங்கட்டும் என்று இடது கதவின் அடிப்பகுதி முழுக்க ஸ்பாஞ்சு திணித்து வைத்தேன். சத்தம் குறைந்தது. கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடிவதற்கென்று துளைகள் உண்டு. ஸ்பாஞ்சு அவற்றை அடைத்துக்கொண்டது. ஒரு மழைக்காலம் கழித்துக் கதவைத் திறந்தால் உள்ளே 'தளக் தளக்' என்று புதுச் சத்தம். நோட்டில் அதற்கும் ஒரு வரி போட வேண்டியதாயிற்று. கதவின் அடித்தகட்டில் துருவைச் சுரண்டிச் சரிசெய்ய ஆன நேரத்தில் நான்கு வாய்க்கால் மாற்றியிருக்கலாம்.

சின்னச் சின்னவை சீக்கிரம் தீர்ந்தன. ஓரப் படிப்பலகையின் போல்ட்டுகள், மட்கார்டுக்கும் உடலுக்கும் நடுவில் காய்ந்து நொறுங்கிய பீடிங், பானெட்டின் பூட்டு ஊசி. சைலன்சரை ஆறிய பிறகு ரப்பர் சுத்தியால் தட்டினேன். உள்ளே தடுப்புத் தகடு உடைந்திருந்தால் சலசலக்கும், என்னுடையது சலசலக்கவில்லை, வால்குழாய்க் கவ்விதான் தளர்ந்திருந்தது. என்ஜினைச் சுற்றியுள்ள தகரங்களில் மூன்று திருகைக் காணோம். இது வெறும் சத்தம் அல்ல. காற்றால் குளிரும் என்ஜின் இது. மேலேயிருந்து குளிர்ந்த காற்றை இழுத்து, சூடாக்கிக் கீழே தள்ளுகிறது. அந்தத் தகரங்கள்தான் மேலையும் கீழையும் பிரிக்கும் சுவர். சுவரில் இடைவெளி இருந்தால் சூடான காற்றையே மறுபடி குடிக்கும். முன்பு வேலை பார்த்த யாரோ, நேரமில்லை என்று விட்டுப் போயிருக்கிறார். தகரம் பாவம், மூன்று வருடமாகக் கத்திக்கொண்டு இருந்திருக்கிறது.

இடது பின்பக்கத்திலிருந்து மெதுவாகப் போகும்போது ஒரு கிலுகிலு. வேகம் கூடினால் காணாமல் போகும். பேரிங் என்று பயந்து பாதித் தூக்கம் போனது. வீல் கேப்பைக் கழற்றினேன், புளியங்கொட்டை அளவில் ஒரு கல் கீழே விழுந்தது. வேகத்தில் அது ஓரத்தோடு ஒட்டிக்கொள்ளும், மெதுவாகப் போனால் உருளும். அவ்வளவுதான்.

பேட்டரியைப் பற்றி ஒன்று. அது பின் சீட்டுக்கு அடியில், வலப்பக்கம் இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் பட்டை தளர்ந்து மேட்டில் கடக் என்றது. நான் குனிந்து பார்த்தபோது பேட்டரி மூடி இல்லை. மேலே சீட்டின் ஸ்பிரிங்குகள். கனமான ஆள் ஒருவர் அந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஸ்பிரிங் இரண்டு முனையையும் தொடும். பழைய பீட்டில்கள் தீப்பிடிப்பதற்குத் தெரிந்த காரணங்களில் இது ஒன்று. மாமா எப்போதும் முன் சீட்டில்தான் உட்காருவார் என்பதை நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே மூடி போட்டுவிட்டேன்.

கடைசியாக மிஞ்சியது அந்த 'டொக்'. வேகத்தடையில் இறங்கும்போது முன்னால் ஒற்றையாக. இதை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், உண்மையில் இதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். முன் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டு வைத்து (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையைக் கொடுக்காதீர்கள்), சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினேன். ஆடியது. சக்கர பேரிங்கா, சக்கரம் இடவலமாகத் திரும்புவதைத் தாங்கும் ஊசியான கிங்பின்னா? மனைவியை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினேன். பிரேக் மிதித்தால் டிரம்மும் பின்தட்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் அதற்கு உள்ளே உள்ள ஊசிகள். நிற்கவில்லை. இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டைராடு முனையின் ஆட்டம் தெரியும், அது பரவாயில்லாமல் இருந்தது.

இந்த வருட மாடலில் முன்னால் கிங்பின்னும், அதை முன் அச்சின் கைகளோடு இணைக்கும் லிங்க்பின்னும்தான். இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யும் பால் ஜாயிண்ட் 1966 மாடலில்தான் வந்தது. கிரீஸ் அடிக்க நிப்பிள்கள் உண்டு. அவற்றில் ஒன்று பழைய கிரீஸ் கல்லாகி அடைத்துக் கிடந்தது. எத்தனை வருடமாக நான் கன் வைத்து அடித்த கிரீஸ் எல்லாம் ஓரத்தில் வழிந்திருக்கிறதே தவிர உள்ளே போகவில்லை. துடைத்துவிட்டு, அடித்தாயிற்று என்று நோட்டிலும் டிக் போட்டிருக்கிறேன். லிங்க்பின்னை ஷிம் என்னும் மெல்லிய தகட்டு வளையம் வைத்துச் சரிசெய்ய நானே முயன்றிருக்கலாம். கிங்பின் புஷ்ஷை அழுத்தி ஏற்றி, அதன் துளையை ரீமரால் அளவுக்குக் கடைவது என் கைக்கு மீறியது. பட்டறையில் கொடுத்தேன். இப்போது சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டுத்தான் கிரீஸ் அடிக்கிறேன், பழையது வெளியே பிதுங்குவதைக் கண்ணால் பார்க்கிற வரை.

நோட்டில் கடைசி வரியையும் அடித்த ஞாயிற்றுக்கிழமை மாமாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழக்கம்போல மெஷினைக் கழற்றப் போனார். "இன்னைக்கு இருக்கட்டும் மாமா, கேட்டுப் பாருங்க" என்றேன். மாட்டிக்கொண்டே உட்கார்ந்தார். வேகத்தடை தாண்டினோம், ஒன்றுமில்லை. 55, ஒன்றுமில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கினார், ஏற்றினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொஞ்ச நேரம் பின்பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டார். உள்ளங்கையைச் சீட்டுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார்.

"எல்லாம் நின்னுடுச்சு மாப்பிள்ளை. பின்னாடி ஒண்ணு மட்டும் விடாம சத்தம் போடுது."

"அது என்ஜின் மாமா."

"ஓ" என்று சொல்லிவிட்டு மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.